ஷவர் தண்ணீர் ஏன் சுட்டது?



அரையாண்டு லீவில் மாமல்லபுரம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே குளியலறையில் புதுமாதிரி ஷவர். 38 டிகிரியில் திருப்பி வைத்தால், சுடுதண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் அதுவே கலந்து அதே சூட்டில் கொடுக்கும். ஆனால் ஒரு வாரமாகச் சில்லென்றே வந்ததாம். "கீசர் சரியா சுடல போல" என்று அத்தை கீசரின் சூட்டைக் கடைசி வரை ஏற்றி வச்சிட்டாங்க.

மறுநாள் தாத்தா குளிக்கும்போது கரண்ட் போனது. உடனே, "ஐயோ, சுடுதே!" என்று ஒரே அலறல். தோள் சிவந்துவிட்டது. 20 நிமிடம் குழாய்த் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தோம். நல்லவேளை, கொப்புளம் வரவில்லை.

சில்லென்று வந்த ஷவர் எப்படிச் சுட்டது? பிளம்பர் அண்ணன் ஒவ்வொன்றாகச் சோதித்துக் காட்டினார்.

1. கீசர்: சமையலறையில் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தார். ஆவி பறக்க வந்தது. ஆக, கீசர் நிரபராதி!

2. மோட்டார்: பிரஷர் மோட்டாரை நிறுத்தினார். ஷவரின் வேகம் குறைந்தது, சூடு ஏறியது. மோட்டாரைப் பச்சைத் தண்ணீர்க் குழாயில் மட்டும் மாட்டியிருந்தார்கள். சுடுதண்ணீர் மாடித் தொட்டியின் உயரத்தால் மட்டுமே இறங்கி வந்தது. பயில்வானும் நோஞ்சானும் கயிறு இழுத்த கதைதான்! மோட்டார் ஓடினால் சில். கரண்ட் போனால் சூடு.

3. வால்வு: ஷவருக்குள் மெழுகு அடைத்த சின்னக் குப்பி இருக்கிறது. சூடு பட்டால் மெழுகு விரிந்து சுடுதண்ணீர் வரும் வழியை அடைக்கும். ஆறினால் சுருங்கித் திறக்கும். தாத்தாவை அதுதான் காப்பாற்றியிருக்க வேண்டும். கழற்றிப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிவு, வடிகட்டி வலையில் மணல்! வால்வு இறுகிப்போயிருந்தது.

நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள். அது சென்னைக்குப் போகிறது. அத்தை வீட்டுக்கு போர் தண்ணீர்தான். கடினநீரைச் சூடாக்கினால் கால்சியம் கார்பனேட் படியும் என்று வேதியியலில் படித்தோமே, அதேதான். அண்ணன் பாகங்களை வினிகரில் ஊறப்போட்டார். குமிழ் குமிழாக வந்தது. அது கார்பன் டை ஆக்சைடு!

பிறகு, கீசர் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று பார்த்துவிட்டு, இரண்டு குழாய்க்கும் சேர்த்து மோட்டாரை மாற்றி வைத்தார். ஒன்றின் தண்ணீர் மற்றதற்குள் ஏறாதபடி நான்-ரிட்டர்ன் வால்வும் போட்டார். இப்போது கரண்ட் போனால் வேகம்தான் குறைகிறது, சூடு மாறுவதில்லை.

நினைவில் வையுங்கள்:

* ஷவர் சில்லென்று வந்தால் உடனே கீசர் சூட்டை ஏற்றாதீர்கள். 60 டிகிரி தண்ணீர் சில விநாடிகளிலேயே தோலைப் புண்ணாக்கும். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் இன்னும் சீக்கிரம்.
* முதலில் கையை நீட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் நில்லுங்கள்.
* கீசரைத் தொடுமுன் மெயின் சுவிட்சை அணையுங்கள். ரிப்பேரைப் பெரியவர்களிடம் விடுங்கள்.
* சுட்டால் இங்க், பற்பசை தடவாதீர்கள். 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் விடுங்கள். கொப்புளம் வந்தால் டாக்டரிடம் போங்கள்.

கடைசியாக ஒன்று. கத்திரி வெயில் மதியத்தில் தொட்டித் தண்ணீரே சுடும். அப்போது எந்த ஷவராலும் குளிர்ச்சி தர முடியாது. கலக்கத்தான் அதற்குத் தெரியும்!

"அண்ணன் வர்ற வரைக்கும் கீசரைத் தொட்டிருக்கக் கூடாதுடா" என்று அத்தை இன்னமும் சொல்லிக்கொண்டே இருக்காங்க.

— 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்