படகு இன்ஜினுக்குள் இரண்டு தண்ணீர்

கார் ஓட்டுபவர்களுக்கு ரேடியேட்டரைத் தெரியும். இன்ஜினின் சூட்டைக் கூலன்ட் வாங்கி வரும். முன்புறம் அடிக்கும் காற்று அதை ஆற்றும். படகின் அடிப்பகுதியில், மூடிய அறைக்குள் இருக்கும் இன்ஜினுக்குக் காற்று எங்கிருந்து வரும்? கிள்ளான் துறைமுகப் பக்கம் படகு இன்ஜின்களைப் பழுது பார்க்கும் என்னிடம், புதிதாகப் படகு வாங்குபவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

சுற்றிலும் கடல் இருக்கிறதே, அந்தத் தண்ணீரையே இன்ஜினுக்குள் ஓடவிட்டால் என்ன? அப்படி ஓடும் இன்ஜின்களும் உண்டு. ஆனால், உப்புநீர் இரும்பை அரிக்கும். சூடு ஏறினால் உப்பு படிந்து உள்வழிகளை அடைக்கும். அதனால் அவற்றைப் பெரும்பாலும் 60 டிகிரி செல்சியஸை ஒட்டியே ஓட்ட வேண்டும். எரிபொருள் நன்றாக எரிய, அதைவிடச் சூடு தேவை. இதற்கு வழிதான் மூடிய குளிரூட்டும் முறை.

இதில் இரண்டு தண்ணீர். முதலாவது, இன்ஜினுக்குள்ளேயே சுற்றிவரும் கூலன்ட். இரண்டாவது, வெளியிலிருந்து வந்து வெளியே போகும் கடல்நீர். இரண்டும் 'ஹீட் எக்ஸ்சேஞ்சர்' எனும் உருளையில் அருகருகே ஓடும், ஆனால் கலக்காது. குழந்தையின் பால் டம்ளரைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்து ஆற்றுகிறோம் அல்லவா? பாலில் தண்ணீர் சேராமலே சூடு இறங்கிவிடும். அதே வேலைதான் இங்கும். செம்பும் நிக்கலும் கலந்த மெல்லிய குழாய்களுக்குள் கடல்நீர் ஓட, வெளியே கூலன்ட் தன் சூட்டைக் கொடுத்துவிட்டு இன்ஜினுக்குத் திரும்பும்.

கடல்நீர் வரும் வழி நீளமானது. படகின் அடியிலுள்ள வால்வு, குப்பையைத் தடுக்கும் வடிகட்டி, ரப்பர் இம்பெல்லர் கொண்ட பம்பு, பிறகு ஹீட் எக்ஸ்சேஞ்சர். கடைசியில் புகையோடு கலந்து, புகைக்குழாயையும் குளிர வைத்து வெளியேறும். அது நின்றுபோனால் இன்ஜின் மட்டும் கெடாது. புகைக்குழாயின் ரப்பர் கருகி, நச்சுப்புகை படகுக்குள் நுழையலாம். தீயும் பிடிக்கலாம்.

ஒருமுறை, பிள்ளைகளோடு மீன்பிடிக்கப் போன ஒரு குடும்பத்தின் படகை இழுத்து வந்தார்கள். "கூலன்ட் நெறைய இருக்கு அண்ணே, ஆனா சூடு ஏறிடுச்சு" என்றார் படகுக்காரர். அவர் சொன்னது உண்மைதான். கெட்டது மற்ற தண்ணீர். ஒரு பிளாஸ்டிக் பை அடியில் ஒட்டித் தண்ணீரை மறித்துவிட்டது. காய்ந்து ஓடிய இம்பெல்லரில் மூன்று இதழ்கள் பிய்ந்துவிட்டன. பெரிய கப்பல்கள் போகும் மலாக்கா நீரிணையில் இரண்டு மணி நேரம் மிதந்திருக்கிறார்கள். பம்பில் இரண்டு துண்டுகளே கிடைத்தன. மூன்றாவது ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் சிக்கியிருந்தது. அதைத் தேடாமல் புது இம்பெல்லர் மட்டும் போட்டிருந்தால், மறுபடியும் அதே கதைதான்.

"நம் ஊரில் பனி இல்லையே, வெறும் தண்ணீர் போதாதா?" என்பார்கள் சிலர். போதாது. கூலன்ட் உறையாமல் காப்பதோடு, துருவைத் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. அதுபோல, ஹீட் எக்ஸ்சேஞ்சரில் திருகியிருக்கும் துத்தநாகத் துண்டையும் மறக்கக்கூடாது. மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தன்னை அரிக்கக் கொடுப்பது அதன் வேலை. பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். இம்பெல்லரை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

புறப்படும் முன் மூன்றைப் பாருங்கள்: இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே கூலன்ட் அளவு, வால்வு திறந்திருக்கிறதா, வடிகட்டி சுத்தமா. இன்ஜினை முடுக்கியதும் பின்பக்கம் எட்டிப் பாருங்கள். புகையோடு தண்ணீர் கொட்ட வேண்டும். கொட்டவில்லையென்றால் உடனே நிறுத்துங்கள்.

நடுக்கடலில் எச்சரிக்கை மணி அடித்தால், கரை தெரிகிறதே என்று ஓட்டிப் பார்க்காதீர்கள். இன்ஜினை அணைத்து, நங்கூரம் போட்டு, வால்வையும் வடிகட்டியையும் பாருங்கள். கூலன்ட் மூடியை மட்டும் சூடு ஆறும்வரை தொட வேண்டாம். அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும். மாற்று இம்பெல்லர் ஒன்றும், அதைக் கழற்றும் கருவிகளும் எப்போதும் படகிலேயே இருக்கட்டும்.