மேற்கு ஜன்னலில் ஆவணி இடிமழை

ஆடி மாதத்தில் வீடு மாற்றலாகாது என்னும் பழைய நியமத்தைச் சென்னை நகரவாசிகளில் பெரும்பாலோர் இன்றும் அநுசரித்து வருவதால், ஆவணி பிறந்ததும் கட்டிலும் பீரோவும் கிரைண்டரும் ஏற்றிய சிறு லாரிகளைத் தெருவுக்குத் தெரு காணலாம். இந்த நியமத்தை வகுத்த பெரியோர் எதைக் கருதி வகுத்தார்களோ, அதன் பயனாகப் புது வீட்டில் பால் காய்ச்சிக் குடியேறுகிற குடும்பத்துக்கு ஒரு பாக்கியம் கேட்காமலே வந்து வாய்க்கிறது. ஆகஸ்டும் செப்டம்பரும் சென்னை வட்டாரத்தில் இரவு இடிமழையின் மாதங்கள். சாமான்களைப் பிரித்து அடுக்கி முடிக்கும் முன்பே வானம் தன் வருகையை அறிவித்துவிடுகிறது.

திருவல்லிக்கேணியின் நெருக்கமான தெருவொன்றில் நெடுங்காலம் வசித்துவிட்டுத் தாம்பரத்துக்கு மேற்கே இரண்டாம் மாடி வீடு ஒன்றுக்கு நாங்கள் சென்ற ஆவணியில் குடிபெயர்ந்தோம். பழைய வீட்டில் இடியைக் கேட்டதுண்டே தவிர, மின்னலைக் கண்டது அபூர்வம்; எதிர்வீட்டுச் சுவருக்கும் எங்கள் சுவருக்கும் நடுவே தெரிந்த வானம் ஒரு முழ அகலந்தான். புதிய வீட்டின் படுக்கையறையிலோ மேற்கே பார்த்த பெரிய ஜன்னல் ஒன்று இருக்கிறது; அதற்கு அப்பால் காலி மனைகள், ஓர் ஏரிக்கரை, வரிசையாகச் சில பனைமரங்கள், அவற்றுக்கு மேல் தடையில்லாத ஆகாயம். வீட்டைப் பார்க்க வந்தபோது, பிற்பகல் வெயில் உள்ளே அடிக்கும் என்று தரகர் தயக்கத்தோடு சொன்ன அந்த ஜன்னலே இவ்வீட்டின் உத்தமமான பாகம் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

மேற்குத் திசைக்கு இத்தனை மகத்துவம் ஏன் என்பதைச் சற்று விளக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கத்திலேயே பொழிந்துவிட்டு, வறண்ட காற்றாக நம் பக்கம் இறங்கி, சமவெளியை நாள் முழுவதும் காய்ச்சுகிறது. நண்பகலுக்குப் பிறகு வங்கக் கடலிலிருந்து குளிர்ந்த ஈரக்காற்று கரையேறி உள்நாட்டை நோக்கி நகர, காஞ்சிபுரம், அரக்கோணம், திருவள்ளூர்ப் பிரதேசங்களில் இரண்டு காற்றுகளும் ஒன்றையொன்று எதிர்கொள்கின்றன. விலகிச் செல்ல இடமில்லாத காற்று மேல்நோக்கி எழும்புகிறது. எழும்பிய ஈரம் குளிர்ந்து மேகமாகிறது. மேகமாகும்போது வெளிப்படும் உஷ்ணம் அதை மேலும் மேலும் உந்த, மாலைக்குள் 15 கிலோமீட்டர் உயரம்வரைகூட ஒரு கோபுரம் வளர்ந்துவிடுகிறது. உயரத்தில் வீசும் மேல்காற்று அந்தக் கோபுரங்களைக் கிழக்கே தள்ளிக்கொண்டு வருவதால், பகலில் உள்நாட்டில் பிறந்த மழை இரவு எட்டு மணிக்கோ பத்து மணிக்கோ சென்னையை வந்தடைகிறது. நகரின் வருஷ மழையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு தென்மேற்குப் பருவத்தில் கிடைப்பது பெரும்பாலும் இவ்வகை இடிமழையினால்தான்.

ஆகவே மேற்கு ஜன்னலண்டை அமர்ந்திருப்பவருக்கு இந்த நாடகம் முதல் அங்கத்திலிருந்தே காணக் கிடைக்கிறது. அஸ்தமனத்தின்போது அடிவானத்தில் வெண்மையாக நின்ற மேகத்தின் தலை தட்டையாக விரியும். இருட்டியதும் அந்தத் திசையில் ஓசையே இல்லாமல் வெளிச்சம் துடிக்கும். இடியின் ஓசை சாதாரணமாகப் பதினைந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் எட்டுவதில்லையாதலால், தொலைவு மின்னல்கள் ஊமையாகவே தோன்றுகின்றன. அப்போது மேகம் முழுவதும் உள்ளே தீபம் ஏற்றி வைத்த காகிதக் கூண்டு போலச் சிவந்தும் வெளுத்தும் காட்சி தரும் அழகை நான் எவ்வளவு பார்த்தும் திருப்தி அடைந்ததில்லை.

பிறகு ஒரு கட்டத்தில், மாலை முழுவதும் கிழக்கிலிருந்து வீசிக்கொண்டிருந்த கடற்காற்று நின்றுவிடுகிறது. பால்கனிக் கொடியில் தொங்கும் துண்டு அசைவற்றுத் தொங்கும், புழுக்கம் தாங்காது. சில நிமிஷங்களில் அதே துண்டு கிழக்கு நோக்கிப் படபடவென்று அடித்துக்கொள்ளும். ஏரிப்பக்கமிருந்து புழுதியும் மண்வாசனையும் கலந்த குளிர்காற்று வந்து வீட்டின் கதவுகளை அறைந்து சாத்தும். எங்கோ மேற்கே பெய்துகொண்டிருக்கும் மழையோடு கூடவே இறங்கிய குளிர்ந்த காற்று தரையில் மோதிப் பரவி, மழைக்கு முன்னோடியாக நம்மை வந்து தொடுகிறது. அந்த மண்வாசனைக்கு மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்னும் பொருள் முக்கியமான காரணம்.

நாங்கள் குடியேறிய வாரத்தில் இந்தக் காற்று அடித்த வேளையில்தான், அதுவரை முகம் மட்டுமே பழகியிருந்த அடுத்த வீட்டு அம்மாள் தம் வாசலில் நின்று, "மாடியில காயப்போட்ட துணியெல்லாம் எடுத்தாச்சாம்மா? இன்னும் பத்து நிமிஷத்துல கொட்டப் போவுது" என்று என் மனைவியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். இருவருமாக மொட்டை மாடிக்கு ஓடித் துணிகளை வாரிக்கொண்டு வந்தார்கள். அன்று முதல் இரு வீட்டுக்கும் போக்குவரத்து உண்டாயிற்று. எந்த ஜன்னலில் சாரல் அடிக்கிறது, மாடித் தண்ணீர் இறங்கும் குழாயைச் சருகு அடைத்திருக்கிறதா, தெருவில் வெள்ளம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்ற விவரங்களையெல்லாம், வீட்டுக்காரரிடம் விசாரித்து அறிவதைவிட முதல் இடிமழையின்போது கண்ணால் பார்த்து அறிவது நிச்சயமானது. புத்தகப் பெட்டிகளை எந்தச் சுவரோரம் வைக்கலாகாது என்பதையும் அந்த ஓர் இரவே சொல்லிவிடும்.

இனி மின்னலின் விஷயம். மேகத்தின் நடுப்பாகத்தில் மென்மையான பனிக்கட்டி உருண்டைகளும் நுண்ணிய பனித்துகள்களும் இடைவிடாமல் உராய்ந்துகொள்வதால் மின்சாரம் பிரிகிறது. இலேசான துகள்கள் நேர் மின்னேற்றத்தோடு உச்சிக்குப் போக, கனத்த உருண்டைகள் எதிர் மின்னேற்றத்தோடு கீழே தங்குகின்றன. அந்தக் கீழ்ப்பாகத்திலிருந்து கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு பாதை படிப்படியாகத் தாவித் தரையை நோக்கி வர, தரையிலிருந்தும் ஒன்று எழுந்து அதைச் சந்திக்கிறது. சந்தித்த கணத்தில் அந்தப் பாதையின் உஷ்ணம் ஏறக்குறைய 30,000 டிகிரி செல்சியஸ். சூரியனுடைய மேற்பரப்பின் உஷ்ணத்தைப்போல் ஐந்து மடங்கு. அதே பாதையில் மூன்று நான்கு முறை மின்சாரம் பாய்வதனால்தான் மின்னல் நம் கண்ணுக்கு நடுங்குவதுபோல் தெரிகிறது. உஷ்ணத்தால் காற்று வெடித்து விரிவதே இடி. மின்னலின் நீளம் பல கிலோமீட்டர். அதன் ஒவ்வொரு பகுதியின் ஓசையும் ஒவ்வொரு சமயத்தில் நம் செவிக்கு எட்டுவதால், தூரத்து இடி உருண்டு உருண்டு கேட்கிறது. அருகில் விழுந்ததோ ஒரே அதிர்வேட்டாக முடிகிறது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே எத்தனை விநாடி என்று எண்ணி மூன்றால் வகுத்தால், தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். எங்கள் வீட்டுக் குழந்தைகள் இப்போது பயந்து போர்வைக்குள் ஒளிவதற்குப் பதிலாக இந்தக் கணக்கைப் போடுகிறார்கள். அவர்களுடைய பாட்டி பக்கத்தில் அமர்ந்து "அர்ஜுனா, அர்ஜுனா" என்று ஜபிக்கிறார். இரண்டும் ஒரே அறையில் நடப்பது எனக்கு மிகவும் உவப்பாக இருக்கிறது.

ஆனந்தத்தோடு ஜாக்கிரதையும் வேண்டும். 1753-ஆம் ஆண்டு ரஷ்யாவில் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ரிக்மன் என்ற விஞ்ஞானி, இடியோசை கேட்டதும் வீட்டுக்கு விரைந்து, கூரையிலிருந்து அறைக்குள் இறக்கியிருந்த இரும்புக் கம்பியின் அருகே நின்று மின்சாரத்தை அளக்க முற்பட்டபோது தாக்குண்டு உயிர்நீத்தார். நம் தேசத்தில் இன்றும் வருஷந்தோறும் 2,000 பேருக்கு மேல் மின்னலுக்குப் பலியாகிறார்கள். அவர்களில் வயல்வெளியில் உழைப்பவர்களே அதிகம் என்பதை நினைக்க, கூரைக்கடியில் உட்கார்ந்து ரசிக்கும் நம் நிலை எவ்வளவு பத்திரமானது என்பது புலனாகும். மின்னலுக்கும் இடிக்கும் இடையிலான எண்ணிக்கை முப்பது விநாடிக்குக் குறைந்துவிட்டால் மொட்டை மாடியையும் பால்கனியையும் விட்டு உள்ளே வந்துவிட வேண்டும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. ஓர் எட்டு தள்ளி நாற்காலி போட்டுக்கொள்ளலாம். டி.வி., கம்ப்யூட்டர் ஆகியவற்றின் பிளக்கை முன்னதாகவே கழற்றிவிட்டு, குளிப்பதையும் பாத்திரம் துலக்குவதையும் ஒத்திப்போடுவது நலம். கடைசி இடி கேட்டு அரைமணி ஆகும்வரை மாடிப்படி ஏற வேண்டாம். புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார் உருவாக்கிய ‘தாமினி’ செயலி, அருகில் மின்னல் விழும் இடங்களைக் கைப்பேசியிலேயே காட்டி எச்சரிக்கிறது.

ஐப்பசி வந்துவிட்டால் காற்று திரும்பிவிடும். வடகிழக்குப் பருவமழை கடற்பக்கமிருந்து, பல நாட்களில் விடியற்காலையில், வரும். மேற்கு ஜன்னலுக்கு அப்போது அவ்வளவு வேலை இராது. ஆதலால் ஆவணியில் குடிபுகும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மற்ற ஜன்னல்களுக்கெல்லாம் திரை தைத்து மாட்டுங்கள், மேற்கு ஜன்னலின் திரையை மட்டும் தீபாவளிவரை தள்ளிப்போடுங்கள்.