இறக்கையின் நிழலில் ஒரு வெப்பமானி

விமானம் என்றதும் பெருந்தொழிற்சாலைகளும் ஆயிரக்கணக்கான பொறியாளர்களும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால், அமெரிக்காவில் வீட்டை ஒட்டிய கார் கொட்டகையில், ஓய்வுநேரங்களில் அலுமினியத் தகடுகளை வெட்டித் துளையிட்டு, தறையாணி அடித்து, தாமே ஏறிப் பறக்கும் சிறு விமானத்தை உருவாக்குவோர் பலர் உள்ளனர். இத்தகையோருக்கென 1953இல் விஸ்கான்சின் மாநிலத்தில் பால் பொபெரெஸ்னி ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அச்சங்கம் ஆஷ்காஷ் நகரில் ஆண்டுதோறும் கோடையில் நடத்தும் விழாவுக்கு ஆயிரக்கணக்கான விமானங்கள் வந்திறங்குகின்றன.

கட்டும் வேலையில் பெரும்பகுதியைக் கற்றலுக்காகவோ பொழுதுபோக்கிற்காகவோ தனிமனிதர் தாமே செய்திருந்தால், அவ்விமானத்தை அந்நாட்டுச் சட்டம் ‘சோதனை’ வகையில் சேர்க்கிறது. தொழிற்சாலையில் உருவான விமானத்தில் ஒப்புதல் பெறாத கருவியை எளிதில் பொருத்திவிட முடியாது. சோதனை வகை விமானத்தைக் கட்டியவருக்கு அந்த உரிமை உண்டு. தவறினால் வரும் விளைவும் அவருடையதே. அவ்வுரிமையைக் கொண்டு பலர் செய்துகொள்ளும் சிறு வேலைகளுள் ஒன்று, வெளிக்காற்றின் வெப்பநிலையைக் காட்டும் உணரியை மலிவாகப் பொருத்துவது.

வெளியே எவ்வளவு குளிர் என்று விமானி அறிந்து என்ன பயன்? முதற்காரணம் பனிக்கட்டி. மேகத்தில் உள்ள நீர்த்துளிகள் உறைநிலைக்குக் கீழும் நீர்மமாகவே இருப்பதுண்டு. இறக்கையைத் தொட்டவுடன் அவை உறைந்து படியும். படிந்த பனி எடையைக் கூட்டுவதோடு இறக்கையின் வடிவையும் கெடுத்து, உயர்த்தும் விசையைக் குறைத்துவிடும். வீட்டில் கட்டிய விமானங்கள் பெரும்பாலானவற்றில் பனியை அகற்றும் கருவி இல்லை. எனவே மேகத்தருகே பறக்கும்போது வெப்பநிலை 4 டிகிரி செல்சியசா, சுழியா என்பது உயிரோடு தொடர்புடைய வினா.

இரண்டாவது காரணம் காற்றின் அடர்த்தி. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள லெட்வில் விமான நிலையம் ஏறத்தாழ 9,930 அடி உயரத்தில் இருக்கிறது. திட்ட வளிமண்டலக் கணக்கின்படி கடல்மட்டத்தில் 15 டிகிரி. ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் சுமார் 2 டிகிரி குறையும். ஆகவே லெட்வில்லின் திட்ட வெப்பநிலை சுழிக்கும் கீழே, ஏறக்குறைய –5 டிகிரி. கோடையில் அங்கு 20 டிகிரி நிலவினால் வேறுபாடு 25 டிகிரி. டிகிரிக்கு 120 அடி எனக் கொள்ளும் விமானிகளின் கணக்குப்படி, காற்றழுத்தம் இயல்பாக இருப்பின், அவ்விமானம் 12,900 அடி உயரத்தில் இருப்பதுபோலவே நடந்துகொள்ளும். எஞ்சின் ஆற்றல் குறையும். ஓடுபாதையில் நெடுந்தூரம் ஓடினால்தான் மேலெழும்.

இனி உணரிக்கு வருவோம். இதில் தெரிவு எளிது. தெர்மிஸ்டர் என்பது வெப்பம் கூடக் கூட மின்தடை குறையும் சிறு மணி போன்ற பொருள். 25 டிகிரியில் 10,000 ஓம் காட்டும் வகை, சுழி டிகிரியில் ஏறத்தாழ மும்மடங்கு காட்டும். டிஎஸ்18பி20 எனும் எண்முறை உணரி –10 முதல் 85 டிகிரி வரை அரை டிகிரிப் பிழைக்குள் அளக்கும். துருவேறா எஃகு உறையில் அடைத்தே விற்கிறார்கள். இரண்டும் சில டாலர்களுக்குக் கிடைப்பவை. இறக்கையிலிருந்து விமானி அறைவரை சில மீட்டர் கம்பி ஓடினால் அளவு பிழைக்காதா என்னும் ஐயம் எழலாம். கம்பியின் தடை ஓர் ஓம் அளவுக்குள் அடங்கும்; தெர்மிஸ்டரோ ஒரு டிகிரிக்கே நானூறு ஓம் மாறுகிறது. எனவே கவலை வேண்டியதில்லை. கம்பி தகட்டைத் துளைத்துச் செல்லும் இடங்களில் ரப்பர் வளையம் இடாமல் விட்டால்தான் அதிர்வில் உறை தேய்ந்து தொல்லை வரும்.

உண்மையான சிக்கல் இடத்தேர்வில் உள்ளது. எந்த வெப்பமானியும் காற்றின் வெப்பநிலையை அறியாது. தன்னுடைய வெப்பநிலையை மட்டுமே காட்டும். அது காற்றோடு ஒன்றியிருக்கும்படி செய்வது பொருத்துபவர் கடமை. கம்பி குறைவாகச் செலவாகும் என்று விமானத்தின் உடற்பகுதியில் உள்ள காற்றுத் துவாரத்தில் உணரியை வைத்துவிடுவோர் உண்டு. எஞ்சினைக் குளிர்வித்து வெளியேறும் வெங்காற்று உடலை ஒட்டியே பின்னோக்கிப் பாய்வதால், அங்கே உண்மையைவிடச் சில டிகிரி கூடுதலாகக் காட்டக்கூடும். பனி அச்சத்தில் இதைவிடத் தீய பிழை இல்லை. ஆபத்தை மறைக்கும் திசையில் அல்லவா அது பிழைக்கிறது! இறக்கையின் மேற்புறம் வெயிலில் காயும். ஆகவே புரொப்பெல்லர் தள்ளும் காற்றோட்டத்துக்கு அப்பால், இறக்கையின் அடிப்புறமே தக்க இடம். அங்குள்ள ஆய்வுத் திறப்பின் மூடியில் துளையிடுவது அறிவுடைமை. பின்னர் மனம் மாறினால் மூடியை மட்டும் மாற்றினால் போதும், இறக்கைக்குக் காயமில்லை. தகட்டின் சூடு உணரிக்குள் ஏறாதிருக்க இடையில் நைலான் வளையம் வேண்டும். உணரியின் முனையும் தகட்டை ஒட்டாமல் சற்று வெளியே நீண்டிருக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் ஒரு பிழை எஞ்சும். விரைந்து வரும் உணரியின்மீது மோதும் காற்று தடைப்படும்போது அதன் இயக்க ஆற்றல் வெப்பமாகிறது. இயற்பியல் பாடத்தில் கற்றதைக் கொண்டே இதைக் கணக்கிடலாம். வேகத்தின் இருமடியை, காற்றின் தன்வெப்ப ஏற்புத்திறனின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் விடை 0.8 டிகிரி, 80 மீட்டரில், அதாவது மணிக்கு 288 கிலோமீட்டரில், 3.2 டிகிரி. இது உச்ச அளவு. உணரியின் வடிவத்தைப் பொறுத்து உண்மையில் சற்றுக் குறையும்.

பொருத்துமுன், நொறுக்கிய பனிக்கட்டியைத் தூய நீரில் கலக்கிய குழைவில் உணரியை அமிழ்த்திச் சுழியைச் சரிபார்ப்பர். பொருத்தியபின் வானில் சோதனை. ஒரே உயரத்தில் மெதுவாகவும் விரைவாகவும் பறந்து இரு அளவுகளையும் குறித்துக்கொள்வர். மேற்கண்ட வேகங்களில் வேறுபாடு 2.4 டிகிரிக்குள் இருந்தால் அது மோதலால் வந்ததாகலாம். அதைத் தாண்டினால் எஞ்சின் வெப்பம் எங்கிருந்தோ எட்டுகிறது என ஐயுற வேண்டும். ஐயம் தீர, ஒரே உயரத்தை ஒரே வேகத்தில் ஒருமுறை முழு ஆற்றலோடு ஏறியும், ஒருமுறை ஆற்றலைக் குறைத்து இறங்கியும் கடந்து பார்ப்பதுண்டு. இறங்குவது மிக மெதுவாக நிகழ வேண்டும். ஏறும்போதும் அவசரம் கூடாது. எஃகு உறைக்குள் இருக்கும் உணரி சுற்றுக்காற்றின் மாற்றத்தைச் சற்றுத் தாமதித்தே உணர்வதால், விரைந்து ஏறி இறங்கினால் அத்தாமதமே எஞ்சின் வெப்பம்போல் தோன்றிவிடும்.

வேகத்துக்கு ஏற்பக் கழிக்க வேண்டிய அளவுகளைச் சிறு அட்டையில் எழுதிக் காட்சித்திரையின் அருகில் ஒட்டிவைப்பர். தரையில் நிற்கும்போது அந்த அட்டை உதவாது. வெயிலில் காய்ந்த தார்த்தளத்துக்கு மேலே சில அடி உயரத்தில் உள்ள உணரி காட்டுவது பெரும்பாலும் அத்தளத்தின் சூட்டையே. ஆகையால் புறப்படுமுன் செய்யும் அடர்த்திக் கணக்குக்கு, நிழற்கூண்டில் அளந்து விமான நிலையம் அறிவிக்கும் வெப்பநிலையையே கொள்வர்.