பழைய ஜப்பான் கிட்டார்: முதலீடா, ஆசையா?

காஞ்சிபுரத்தில் பழைய பட்டுப்புடவை வாங்குறவங்களைப் பார்த்திருப்பீங்க. கிழிஞ்ச புடவைக்கும் காசு தருவாங்க. காரணம், அசல் சரிகையில் இருக்கிற வெள்ளி. எவ்வளவு பழசானாலும் அதுக்குக் கீழே விலை இறங்காது.

ஜப்பான் கிட்டாருக்கு அப்படி ஒரு அடிமட்ட விலை கிடையாது. வாசிக்க முடிஞ்சாதான் அதுக்கு மதிப்பு. "வாங்கி வச்சா விலை ஏறும்"னு யாராவது சொன்னா, இதை முதல்ல நினைச்சுக்கோங்க.

அப்போ ஏன் இவ்வளவு கிராக்கி? யமஹா 1966-ல் எஃப்ஜி-180, எஃப்ஜி-150 மாடல்களை வெளியிட்டது. 1969 வுட்ஸ்டாக் மேடையில் கன்ட்ரி ஜோ மெக்டொனால்ட் வாசிச்சது எஃப்ஜி-150. உள்ளே ஒட்டியிருக்கும் சிவப்பு லேபிளில் 'நிப்பான் கக்கி'ன்னு இருக்கும். கம்பெனி பெயர் யமஹா கார்ப்பரேஷன்னு மாறினது 1987-ல்தான். இதைத்தான் 'ரெட் லேபிள்'னு தேடுறாங்க. ஆனா எழுபதுகளில் தைவானிலும் தயாரிச்சாங்க. அதனால பழசு எல்லாமே ஜப்பான் இல்லை. இன்னொண்ணு, எஃப்ஜி-180-ன் மேல்பலகை ஒரே மரத்துண்டு இல்லை, லாமினேட். சாதாரண ஆளும் வாங்கி வாசிக்கணும்னு செஞ்ச கிட்டார் அது.

பணம் கொடுக்கும் முன்னாடி மூணு விஷயம் பாருங்க:

1. 12-வது ஃப்ரெட்டில் தடித்த கம்பியின் உயரம். சுமார் 2.5 மி.மீ. நல்லது, 4 மி.மீ. தாண்டினா யோசிங்க.

2. கம்பி தாங்கும் சேடில். அது ஏற்கெனவே தேய்ச்சுக் குட்டையாகியும் கம்பி உயரமா இருந்தா, கழுத்தையே கழற்றி மாட்டணும். அந்தக் கூலி கிட்டார் விலையையே தொடலாம்.

3. வெளிநாட்டிலிருந்து வரவழைச்சா கூரியர், சுங்க வரி எல்லாம் சேர்ந்த மொத்த விலை.

இப்போ பட்ஜெட். காஞ்சியிலிருந்து ஒரகடத்துக்கு பஸ் ஏறி வேலைக்குப் போறவரா நீங்க? ஆறு மாச அவசர நிதியும் எஸ்ஐபி-யும் ஓடட்டும். அதுக்கு மேல மாசம் 2,000 ரூபாய் தனியா எடுத்து வச்சா, வருஷத்துல 24,000. வட்டி இல்லாம, இஎம்ஐ இல்லாம வாங்கலாம்.

வாசிப்பே இனிமேதான் கத்துக்கணும்னா புது கிட்டாரே போதும். யமஹா 2019-லிருந்து சென்னைக்குப் பக்கத்துலயே அக்கூஸ்டிக் கிட்டார் தயாரிக்குது.

பழசு வேணும்னா தாராளமா வாங்குங்க. ஆனா அந்தச் செலவை 'முதலீடு'ன்னு எழுதாதீங்க, 'ஆசை'ன்னு எழுதுங்க. தினமும் அரை மணி நேரம் வாசிச்சா, அதுதான் உங்க வருமானம்.