பதிவேட்டின் அளவும் கணினியின் முடக்கமும்

ஒரே குறி இருவேறு பிணிகளுக்கு உரியதாதல் மருத்துவத்தில் மட்டுமன்றிக் கணினித் துறையிலும் காணப்படுவதொன்றாகும். பழைய பணிசெயல் முறைமைகளுள் ஒன்றான விண்டோஸ் 2000 இதற்குத் தக்க சான்றாகும். 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெளிவந்த இம்முறைமை தமிழரால் சிறப்பாக நினைக்கத்தக்கது. யூனிக்கோட் முறையிலமைந்த தமிழைக் காட்டும் ஆற்றலும், லதா என்னும் எழுத்துருவும் விண்டோஸ் வரிசையில் முதன்முதல் இதனுடனேயே வந்தன. மைக்ரோசொப்ட் நிறுவனம் 2010ஆம் ஆண்டு யூலையில் இதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. எனினும், இம்முறைமையிற் பதியப்பெற்ற ஆவணங்களைத் தாங்கிய பழைய கணினியொன்று எழ மறுக்குமாயின், காரணம் ஆராயாது வன்தட்டை அழித்துப் புதுக்குவோர் அவ்வாவணங்களையும் உடன் இழப்பர்.

கணினியிற் பூட்டப்பட்ட கருவிகள் எவை, அவற்றை இயக்கும் நிரல்கள் எவை, அந்நிரல்கள் எம்முறையில் தொடங்கவேண்டும் என்பன போன்ற அமைப்பு விபரங்கள் யாவும் பதிவேடு என்னும் தொகுதியில் அடங்கும். அது பல கோப்புகளாகப் பிரிக்கப்பட்டுக் ‘கொன்பிக்’ என்னும் உறையில் வைக்கப்பட்டுள்ளது. அவற்றுள் ‘சிஸ்டம்’ எனப் பெயரிய கோப்பே கணினி எழும்போது முதலில் வேண்டப்படுவது.

இனி, எல்லை பிறக்கும் இடத்தைக் காண்போம். முறைமையை எழுப்பும் ஏற்றி நிரல் தொடக்கத்தில் நினைவகத்தின் முதல் 16 மெகாபைட் பகுதியையே பயன்படுத்த வல்லது. முறைமையின் கரு, வன்பொருளோடு அதனை இணைக்கும் படை, தொடக்கத்திற் தேவைப்படும் இயக்கிகள், சிஸ்டம் கோப்பு ஆகிய யாவும் அதற்குள் அடங்கவேண்டும். ஆதலின் அக்கோப்புக்கு எஞ்சும் இடம் 16 மெகாபைட்டிலும் குறைவானதே. கணினியில் 512 மெகாபைட் நினைவகம் இருப்பினும் இவ்வெல்லை மாறாது. மட்டக்களப்பு வாவி எத்துணைப் பரந்து கிடப்பினும், மாரி வெள்ளம் முகத்துவாரத்தின் அகலத்துக்கேற்பவே கடலைச் சேரும். நினைவகத்தைப் பெருக்குதல் வாவியை அகலித்தலேயன்றி முகத்துவாரத்தை வெட்டுதல் ஆகாது.

சிஸ்டம் கோப்பு இவ்வெல்லையைக் கடந்துவிடின், அக்கோப்புக் காணப்படவில்லை அல்லது பழுதுற்றது என்னும் அறிவிப்புத் திரையில் தோன்றும். உண்மையிற் கோப்பு உள்ளது, பழுதுமில்லை, இடம் போதாமையே குறை. வன்தட்டு உண்மையிற் பழுதுற்றபோதும் இதே அறிவிப்பே தோன்றுமாதலின், படிப்போர் மயங்குகின்றனர்.

இம்மயக்கம் தீர்க்கும் வழி எளிது. நிறுவற் தட்டினாற் கணினியை எழுப்பி, மீட்பு முனையத்துட் சென்று, சிஸ்டம் கோப்பின் அளவை நோக்குதல் வேண்டும். வழமையான கணினியில் அது சில மெகாபைட் அளவினதே. பத்து மெகாபைட்டைக் கடந்து நிற்பின், அளவு மிகுதியையே முதலில் ஐயுறவேண்டும். அளவு சிறிதாயிருப்பின், கோப்பின் பழுதையும் வன்தட்டின் பழுதையும் சோதித்தல் தகும்.

அளவு பெருகுதற்குக் காரணங்கள் பல. புதிதாக இணைக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பதிவு உண்டாகின்றது. கருவியை அகற்றிய பின்னரும் அப்பதிவு நிலைத்துவிடுகின்றது. பெருந்தொகையான சேமிப்பு அலகுகளை இணைத்த வழங்கிகளில் இது விரைவில் நிகழும். அன்றியும், இறுதியாக நன்கு எழுந்த நிலையைக் காக்கும் பொருட்டு அமைப்பு விபரங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட படிகளாக வைக்கப்படுகின்றன. பதிவுகளை நீக்கினும் அவை இருந்த இடம் வெறுமையாய்க் கிடக்குமேயன்றிக் கோப்புச் சுருங்குவதில்லை.

ஆகவே பரிகாரமும் இருபடித்தாகும். முதலாவதாக, பெருத்த கோப்பை அழித்துவிடாது வேறு பெயரிட்டுக் காத்து, ‘ரிப்பெயர்’ என்னும் உறையிலுள்ள பழைய படியை அதனிடத்தில் வைத்தல். கணினி இதனால் எழக்கூடுமெனினும், அப்படி எடுக்கப்பட்ட நாளுக்குப் பின்னர் நிறுவிய கருவிகளை அது அறியாது. இரண்டாவதாக, காத்துவைத்த கோப்பைப் பிறிதொரு கணினியின் பதிவேட்டுத் தொகுப்பியில் ஏற்றி, வேண்டாத பதிவுகளை நீக்கிப் புதிய கோப்பாகச் சேமித்தல். இவ்வாறு சேமிக்கும்போதே வெற்றிடங்கள் நீங்கிக் கோப்புச் சுருங்கும்.

இங்கே பிறிதோர் எல்லையையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். பதிவேடு முழுமைக்கும் உரிய உச்ச அளவொன்று கட்டுப்பாட்டுப் பலகத்திற் குறிக்கப்பட்டுள்ளது. கருவுக்கென ஒதுக்கப்பட்டு, வேண்டும்போது வன்தட்டுக்கு மாற்றத்தக்க நினைவகத்தில் அது வழமையாகக் காற்பங்கு. கூடியது நூற்றுக்கு 80 பங்கு. முறைமை எழுந்த பின்னரே இவ்வெல்லை பயன்படுவதாதலின், இதனை உயர்த்துவதால் எழாத கணினி எழாது.

2001ஆம் ஆண்டு வந்த விண்டோஸ் எக்ஸ்பி பதிவேட்டை அந்நினைவகத்தினின்றும் பிரித்தது. சிஸ்டம் கோப்பின் எல்லையும் 200 மெகாபைட் வரை உயர்ந்தது. எனவே, முந்திய எல்லை கணினியின் இயற்கைக் குணமன்று. அமைத்தோர் தம் காலத் தேவையை அளந்து இட்ட வரம்பேயாகும். அவ்வரம்பு எங்குள்ளதென அறிந்தவர், திரையில் தோன்றும் அறிவிப்பை முடிந்த முடிபாகக் கொள்ளாது, ஆராய்ச்சியின் தொடக்கமாகக் கொள்வர், ஆவணங்களையும் காப்பர்.