உலாவியின் அஞ்சறைப் பெட்டி

தாளிக்கும் நேரத்தில் கடுகுக்காக யாரும் மளிகைக் கடைக்கு ஓடுவதில்லை. எண்ணெய் காய்ந்த பிறகு, கடைக்காரர் பொட்டலம் கட்டித் தரும் வரை காத்திருக்க முடியுமா? கைக்கெட்டும் தூரத்தில் அஞ்சறைப் பெட்டி இருக்கிறது. அதில் தீர்ந்துபோனால் அலமாரியில் டப்பா இருக்கிறது. அதுவும் காலியானால்தான் கடை. பெட்டியில் கொள்வது கொஞ்சம்தான். ஆனால் அது பக்கத்தில் இருக்கிறது.

பிரவுசர் எனப்படும் உலாவியும் இப்படி ஓர் அஞ்சறைப் பெட்டியை உங்கள் கணிப்பொறியின் வட்டில் வைத்துக்கொண்டிருக்கிறது. அதற்குக் 'கேஷ்' என்று பெயர். ரொக்கப் பணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒலி மட்டும்தான் ஒன்று. ஒளித்து வைத்தல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் வழியே வந்தது இது. ஒருமுறை பார்த்த பக்கத்தின் படங்கள், எழுத்துருக்கள், நிரல்கள் ஆகியவற்றின் நகல்களை உலாவி இதில் போட்டு வைக்கிறது. அடுத்த முறை அதே பக்கத்தைத் திறந்தால், தொலைவிலுள்ள சர்வரைக் கேட்காமல் இதிலிருந்தே எடுத்துக்கொள்கிறது.

"கணிப்பொறி மெதுவாக ஓடுகிறதா? கேஷைக் காலி செய்!" என்ற ஆலோசனையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். வேகத்துக்காகவே வைத்த பெட்டியைக் காலி செய்தால் வேகம் கூடுமா? சற்று யோசித்துப் பாருங்கள். விடை காண ஒரு சிறு கணக்குப் போடுவோம்.

ஒளிக்கும் ஓர் எல்லை உண்டு

வெற்றிடத்தில் ஒளியின் வேகம் வினாடிக்குச் சுமார் 3 லட்சம் கி.மீ. என்பதை நீங்கள் அறிவீர்கள். கண்ணாடி இழைக்குள் அது இவ்வளவு வேகமாகச் செல்வதில்லை. இழையின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.47. வகுத்துப் பாருங்கள்: வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. வருகிறது. இணையத்தின் செய்திகளைக் கடலடியில் சுமந்து செல்வது இந்த ஒளிதான்.

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002-ல் இடப்பட்ட ஒரு கடலடி கேபிளின் நீளம் சுமார் 3,200 கி.மீ. அதைக் கடக்க ஒளிக்கு 16 மில்லி வினாடி ஆகும். போய்த் திரும்ப 32. சர்வர் சிங்கப்பூரில் இல்லை, பசிபிக் கடலுக்கு அப்பால் கலிபோர்னியாவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தத் தொலைவு ஏறக்குறைய 17,000 கி.மீ. என்று கொண்டால், போய்வர 170 மில்லி வினாடி.

ஒரு முறை போய்வந்தால் போதாது. தொடர்பை ஏற்படுத்த ஒரு முறை, இருவரும் ரகசியக் குறியீட்டை ஒத்துக்கொள்ள ஒரு முறை, "இந்தப் படத்தைக் கொடு" என்று கேட்டுப் பெற ஒரு முறை என வழக்கமாக மூன்று முறை போய்வர வேண்டும். ஆக, படத்தின் முதல் எழுத்து வந்து சேரவே அரை வினாடி கழிந்துவிடும். இது வழியிலுள்ள கருவிகளின் தாமதத்தைச் சேர்க்காத கணக்கு.

அதே படம் உங்கள் வட்டில் இருந்தால்? நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்டு டிஸ்க் ஒரு சுற்றுச் சுற்ற 8.3 மில்லி வினாடி ஆகும். சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். படிக்கும் முனை உரிய தடத்துக்கு நகரவும் சில மில்லி வினாடிகள் வேண்டும். எல்லாம் சேர்த்து 15-க்குள் முடிந்துவிடும். சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. வட்டில் மில்லி வினாடியில் பத்தில் ஒரு பங்கு போதும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அதிகப் பணம் கட்டி அதிவேக இணைப்பு வாங்கலாம். அதனால் ஒரு வினாடியில் வந்து சேரும் செய்தியின் அளவு கூடும். ஆனால் முதல் செய்தி வந்து சேரும் நேரம் ஒளியின் வேகத்துக்குக் கட்டுப்பட்டது. எந்த நிறுவனத்தாலும் அதைக் குறைத்து விற்க முடியாது. தொலைவைத்தான் குறைக்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் தங்கள் பக்கங்களின் நகல்களைப் பல நகரங்களில் வைப்பது இதனால்தான். அது அலமாரி டப்பா. உங்கள் வட்டிலேயே இருக்கும் நகல்தான் அஞ்சறைப் பெட்டி.

இந்த எண்ணம் இணையத்தைவிடப் பழையது. 1949-ல் எட்சாக் கணிப்பொறியை இயக்கிக் காட்டிய கேம்பிரிட்ஜ் அறிஞர் மாரிஸ் வில்க்ஸ், பெரிய மெதுவான நினைவகத்துக்கு முன்னால் ஒரு சிறிய வேகமான நினைவகத்தை வைக்கலாம் என்று 1965-ல் எழுதினார். 1968-ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் 360 வரிசையைச் சேர்ந்த 85-ஆம் மாதிரியில் இத்தகைய நினைவகம் இடம் பெற்றபோது, 'கேஷ்' என்ற பெயர் வழக்குக்கு வந்தது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

விண்டோஸ் கணிப்பொறியில் குரோம் உலாவியின் கேஷைத் தேடிப் போனால், பயனர் பெயரிலுள்ள போல்டருக்குள் மறைத்து வைக்கப்பட்ட ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல், கூகுள், குரோம், யூசர் டேட்டா, டிபால்ட், கேஷ், கேஷ்_டேட்டா என்று படி இறங்க வேண்டும். அங்கே ஓர் அட்டவணைக் கோப்பும், 0 முதல் 3 வரை எண்ணிட்ட நான்கு டேட்டா கோப்புகளும், 'எஃப்' என்ற எழுத்தில் தொடங்கும் ஏராளமான கோப்புகளும் இருக்கும். ஒன்றிலும் 'பூனைப் படம்' என்று பெயர் எழுதியிருக்காது.

ஏன் இந்த ஏற்பாடு? வட்டில் இடம் பொதுவாக 4 கிலோபைட் கொண்ட துண்டுகளாகத்தான் ஒதுக்கப்படுகிறது. ஒன்றரைக் கிலோபைட் உள்ள சிறு படத்தைத் தனிக் கோப்பாக வைத்தாலும் 4 கிலோபைட் இடம் போய்விடும். ஆயிரக்கணக்கான சிறு படங்கள் இருந்தால் பாதிக்கு மேல் வீண்தான். ஆகவே குரோம் சிறியவற்றையெல்லாம் நான்கு டேட்டா கோப்புகளுக்குள் நெருக்கி அடுக்குகிறது. 16 கிலோபைட்டுக்கு மேற்பட்டவற்றுக்கு மட்டும் தனிக் கோப்பு. பயர்பாக்ஸ் வேறு வழியில் போகிறது. ஒவ்வொரு முகவரியையும் ஒரு கணிதச் சார்பில் இட்டு, வரும் 40 எழுத்துகளையே கோப்பின் பெயராக வைக்கிறது. பயர்பாக்ஸின் முகவரிப் பட்டையில் 'அபவுட்' என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளியிட்டு, இடைவெளியின்றி 'கேஷ்' (சி, ஏ, சி, எச், இ) என்று சேர்த்தால், பெட்டியின் கொள்ளளவும் இருப்பும் எண்களாக வரும். பார்க்க வேண்டிய பட்டியல்.

பெட்டி நிரம்பினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. நெடுநாள் தொடாத பொருள்களைப் பெரும்பாலும் முதலில் வெளியேற்றிவிட்டு, புதியவற்றுக்கு உலாவி தானே இடம் செய்துகொள்ளும். ஆகவே 'நிரம்பிவிட்டது' என்பதற்காக மட்டும் நீங்கள் காலி செய்ய வேண்டியதில்லை. வட்டிலேயே இடமில்லை என்றால் அது வேறு. சில நூறு மெகாபைட் கிடைப்பது அப்போது பெரிய உதவிதான்.

இந்தப் போல்டருக்குள் புகுந்து கையால் கோப்புகளை அழிப்பதை நான் விரும்புவதில்லை. உலாவி திறந்திருக்கும்போது சிலவற்றை மட்டும் நீக்கினால், அட்டவணை ஒன்று சொல்லும், வட்டில் வேறொன்று இருக்கும். அதைவிட ஆபத்து, இரண்டு படி மேலே போய் டிபால்ட் போல்டரையே நீக்கிவிடுவது. நீங்கள் குறித்து வைத்த முகவரிகளும் சேமித்த கடவுச்சொற்களும் அங்கேதான் இருக்கின்றன.

ஊசிப்போன சட்னி

கேஷின் உண்மையான சிக்கல் நிரம்புவதன்று, பழசாவது. பள்ளியின் பக்கத்தில் தேர்வு அட்டவணையைத் திங்களன்று பார்க்கிறீர்கள். இயற்பியல் தேர்வு வெள்ளி என்று இருக்கிறது. செவ்வாயன்று அதை வியாழனுக்கு மாற்றிவிடுகிறார்கள். புதனன்று நீங்கள் மீண்டும் திறக்கிறீர்கள். உலாவி திங்களன்று எடுத்த நகலையே காட்டுகிறது. தேர்வு போய்விடும் அல்லவா?

இதைத் தவிர்க்கவே ஒவ்வொரு கோப்புடனும் சர்வர் ஒரு சீட்டை இணைத்து அனுப்பலாம் என்று விதி செய்திருக்கிறார்கள். '86,400' என்று சீட்டில் இருந்தால், அத்தனை வினாடிகளுக்கு, அதாவது ஒரு நாளைக்கு, கேட்காமலே பயன்படுத்தலாம். மாறாத சின்னங்களுக்கு 3,15,36,000 என்றுகூட எழுதுவார்கள். அது எத்தனை காலம் என்று நீங்களே கணக்கிடுங்கள். கெடு முடிந்தால் உலாவி கோப்பைத் தூக்கி எறிவதில்லை. "என்னிடம் இன்ன நகல் இருக்கிறது, மாறியதா?" என்று சர்வரைக் கேட்கும். மாறவில்லையென்றால் சர்வர் 304 என்ற எண்ணை மட்டும் அனுப்பும். பெரிய படம் மீண்டும் பயணம் செய்ய வேண்டியதில்லை.

சீட்டே இல்லாமல் வந்த கோப்பை என்ன செய்வது? இங்கே ஒரு சுவையான ஊகம் இருக்கிறது. கோப்பு கடைசியாக மாறி எத்தனை நாள் ஆயிற்றோ, அதில் பத்தில் ஒரு பங்கு காலம் வரை அதை நம்பலாம் என்பது வழக்கம். 100 நாள் மாறாதது இன்னும் 10 நாள் மாறாது என்ற நம்பிக்கை! ஊகம்தான், தேர்வு அட்டவணையிடம் இது பலிக்காமல் போகலாம்.

ஆகவே ஒரு பக்கம் பழசாகவோ கோணலாகவோ தெரிந்தால், முதலில் அந்தப் பக்கத்தை மட்டும் புதுப்பியுங்கள். விண்டோஸில் கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு எஃப்5-ஐத் தட்டினால், உலாவி கேஷைத் தாண்டிச் சென்று சர்வரிடமிருந்தே எல்லாவற்றையும் கொண்டுவரும். சட்னி ஊசிப்போனால் சட்னியைக் கொட்டுவோம்; அடுப்பங்கரையையே கழுவி விடுவதில்லை.

அதற்கும் சரியாகாவிட்டால் கண்ட்ரோல், ஷிப்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சாளரத்தில் மூன்று கட்டங்களை நிதானமாகப் படியுங்கள். ஒன்று, நீங்கள் போய்வந்த முகவரிகளின் வரலாறு. இன்னொன்று குக்கீ, இதை நீக்கினால் எல்லாத் தளங்களிலும் மீண்டும் கடவுச்சொல் கேட்கும். மூன்றாவதுதான் கேஷ். அவசரத்தில் மூன்றையும் தேர்ந்தெடுத்துவிட்டு, "எல்லாம் போய்விட்டதே!" என்று திகைப்பவர்கள் ஏராளம்.

அடுத்தவர் கண்ணில் படும் பெட்டி

வீட்டுக் கணிப்பொறிக்கு இவ்வளவு போதும். பள்ளிக் கூடத்திலோ பிரவுசிங் சென்டரிலோ அமரும்போது நிலைமை வேறு. நீங்கள் பார்த்த புகைப்படத்தின் நகல் அந்த வட்டில் தங்குகிறது. முகவரியில் பூட்டுப் படம் இருந்தாலும் அப்படித்தான். வழியில் யாரும் படிக்க முடியாது என்பதுதான் பூட்டின் பொருள். 'சேமிக்காதே' என்று சர்வர் சீட்டு அனுப்பினால் மட்டும் உலாவி நகல் வைக்காது. உங்களுக்கு அடுத்து அமர்பவர் கொஞ்சம் விவரம் தெரிந்தவராக இருந்தால், கேஷைத் தோண்டிப் பார்க்க முடியும்.

தோண்டாமலே உளவு பார்க்கும் வழியும் உண்டு. 2000-ஆம் ஆண்டில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் ஃபெல்டனும் மைக்கேல் ஷ்னைடரும் இதை எடுத்துக் காட்டினர். ஒரு தளம், வேறொரு தளத்தின் படத்தைக் கேட்குமாறு உங்கள் உலாவிக்குச் சொல்லி, அது வர எவ்வளவு நேரமாயிற்று என்று அளக்கிறது. சட்டென்று வந்தால் அது உங்கள் கேஷில் இருந்திருக்கிறது. அதாவது அந்தத் தளத்துக்கு நீங்கள் போயிருக்கிறீர்கள். மேலே நாம் போட்ட அதே கணக்குதான், திருப்பிப் பிடித்த கத்தியாக! இதைத் தடுக்க சஃபாரி 2013-லும், குரோம் 2020-லும், பயர்பாக்ஸ் 2021-லும் ஒவ்வொரு தளத்துக்கும் பெட்டியைத் தனித்தனி அறைகளாகத் தடுத்துவிட்டன. பல தளங்கள் பயன்படுத்தும் பொதுவான எழுத்துருவை இப்போது ஒவ்வொரு தளத்துக்கும் ஒருமுறை இறக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தாமதம் நியாயமான விலை என்றே நினைக்கிறேன்.

பொதுக் கணிப்பொறியில் பார்த்து முடித்துவிட்டு அழிப்பதைவிட, முதலிலேயே தனிமைச் சாளரத்தைத் திறப்பது மேல். காந்த வட்டில் ஒரு கோப்பை நீக்கினால், அட்டவணையில் அதன் பெயர்தான் போகிறது. வேறொன்று மேலே எழுதப்படும் வரை காந்தப் பதிவு அப்படியே இருக்கும், மீட்கவும் முடியும். தனிமைச் சாளரமோ கேஷை வட்டில் எழுதாமல் நினைவகத்தில் வைத்திருந்து, மூடியதும் விட்டுவிடுகிறது. பள்ளியின் இணைப்பைக் கவனிப்பவருக்கு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது அப்போதும் தெரியும். அதற்கு இது மறைப்பன்று.

இப்போது ஒரு சோதனை. குரோமில் படங்கள் நிறைந்த ஒரு பக்கத்தைத் திறந்து எஃப்12-ஐ அழுத்துங்கள். 'நெட்வொர்க்' என்ற பகுதிக்குப் போய், பக்கத்தைச் சாதாரணமாக ஒருமுறை புதுப்பியுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரி வரும். அளவுப் பத்தியில் சிலவற்றுக்கு எண்ணுக்குப் பதிலாக 'டிஸ்க் கேஷ்' அல்லது 'மெமரி கேஷ்' என்றிருக்கும். கடைசியில் நேரம் மில்லி வினாடியில் இருக்கும். பிறகு மேலேயுள்ள 'கேஷ் வேண்டாம்' என்ற பொருள் தரும் கட்டத்தைக் குறித்துவிட்டு மீண்டும் புதுப்பியுங்கள். ஒரே படத்துக்கு இரு முறையும் ஆன நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கேஷ் இல்லாமல் ஆன நேரத்தின் பாதியை வினாடிக்கு 2 லட்சம் கி.மீ. என்ற வேகத்தால் பெருக்கினால், சர்வர் அதிகபட்சம் எவ்வளவு தொலைவில் இருக்க முடியும் என்ற ஓர் எல்லை கிடைக்கும். சென்னைத் தளம், டில்லித் தளம், அமெரிக்கத் தளம் என்று மூன்றுக்குச் செய்து பாருங்கள். சோதனை முடிந்ததும் அந்தக் கட்டத்திலுள்ள குறியை எடுத்துவிட மறக்க வேண்டாம்.