கொல்லையில் ஒரு பசுமைக்குடில்

பசுமைக்குடில் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மிற் பலருக்கும் கண்ணாடி மாளிகையே நினைவுக்கு வருகிறது. இலண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் 1848ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற பனை மாளிகை அத்தகையது. குளிர்நாட்டில் வெப்பநாட்டு மரங்களை வாழவைக்க, கதிரவனின் வெம்மையைச் சிறைப்பிடிக்க வேண்டியிருந்தது. புதுக்கோட்டைச் சீமையில் வெம்மைக்குப் பஞ்சமில்லை. சித்திரை வெயிலைக் கண்ணாடிக்குள் அடைத்தால் நாற்று வேகுமேயன்றி வளராது. வெயிலை வடிகட்டி உள்ளே விடுவதற்கே இங்கு நமக்குக் குடில் வேண்டும்.

கண்ணாடிக் கூடு ஏன் சூடாகிறது? ஒளி உள்ளே புகுந்து வெப்பமாகிறது. அவ்வெப்பக் கதிர் கண்ணாடியைக் கடந்து வெளியேற இயலாது என்பர். அது ஓரளவே உண்மை. 1909ஆம் ஆண்டில் ஆர். டபிள்யூ. உட் என்னும் அமெரிக்க இயற்பியலறிஞர் இரண்டு பெட்டிகளை எடுத்துக்கொண்டார். ஒன்றைக் கண்ணாடியாலும், மற்றொன்றை வெப்பக் கதிரைத் தடுக்காத பாறையுப்புத் தகட்டாலும் மூடினார். கண்ணாடியின் வழியே வந்த வெயிலில் இரண்டையும் வைத்தபோது, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சூடேறின. சூடான காற்று மேலெழுந்து வெளியேற வழியின்றி அடைபடுவதே பெருங்காரணம் என்பது இதனால் விளங்கிற்று. ஆதலின் நம் குடிலுக்கு நெகிழித்தாள் வேண்டுவதில்லை. காற்று புகுந்து புறப்படும் நிழல்வலையே ஏற்றது. பாதி வெயிலை மறைக்கும் 50 விழுக்காட்டு வலை காய்கறி நாற்றுகளுக்குப் போதும். இது நம்மவர் அறியாத கலையும் அன்று. வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியை முன்னரே விதைத்து வளர்த்து, அதன் நிழலில் கொடியைப் படரவிடுகிறார்களே, அது உயிருள்ள பசுமைக்குடில்தான்.

இனி இடத்தைப் பற்றிக் கூறுவேன். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் குடிலுக்கு இடம் தேடும்போது, கொல்லையில் நிற்கும் பழைய மரத்தின்மீதே பலருக்கும் முதலில் கண் விழுகிறது. மாணவ நண்பர்களே, அரிவாளை எடுக்குமுன் பத்தடிக் கழி ஒன்றை நட்டு அதன் நிழலை அளந்து பாருங்கள். மார்கழி முதல் வாரத்து நண்பகலில் அந்நிழல் வடக்கே ஏறத்தாழ ஏழடி நீளும். ஆனியில் தெற்கே இரண்டடிக்குச் சற்று மிகும். சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணியிலும் ஓரிரு நாள் உச்சிப்பொழுதில் நிழலே இராது. முப்பதடி மரம் குடிலுக்குத் தெற்கே நின்றால், ஒளி குறைந்த மார்கழியில் இருபதடி தொலைவு இருட்டடிக்கும். அதே மரம் மேற்கே நின்றால் கொடிய பிற்பகல் வெயிலைத் தாங்கிக்கொள்ளும். ஆகவே கொல்லையில் மாவோ நெல்லியோ இருந்தால், அதனை வெட்டாமல் அதற்குக் கிழக்கே குடிலை அமைப்பதே அறிவுடைமை. தென்னைக்கு அருகில் மட்டும் வேண்டாம். மட்டையும் காயும் விழுந்தால் வலை கிழியும்.

முருங்கை எளிதில் முறிவது. குடிலை ஒட்டி அது நின்றால் மூன்றடிப் போத்து ஒன்றை வெட்டி, மழைக்காலத்தில் வேலியோரம் நட்டு, அது தழைத்தபின் பழையதை நீக்கலாம். கறிவேப்பிலைக்கு வேரடிக் கன்றுகள் உண்டு. அவற்றைப் பெயர்த்து நடலாம். பீர்க்கு, புடல், சுரை ஆகியவற்றின் பந்தல் வெளியிலேயே இருக்கட்டும். அவற்றில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. வலைக்குள் வண்டு வாராது, காயும் பிடியாது. தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றில் ஒரே பூவில் இரண்டும் அமைந்திருத்தலால் அந்த இடர்ப்பாடு குறைவு.

நம் மாவட்டத்தில் ஒன்றை மறத்தலாகாது. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் வேதாரணியம் அருகே கரையேறிய கஜா புயல், இம்மாவட்டத்தின் ஊடே சென்றது. ஆலங்குடி, கீரமங்கலம் பகுதிகளில் தென்னையும் பலாவும் மாவும் கூட்டங்கூட்டமாய்ச் சாய்ந்தன. மரத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் மீண்டும் கன்று நட்டுப் பல ஆண்டு காத்திருக்க நேர்ந்தது. அத்தகைய காற்றில் நிழல்வலை கப்பற்பாயாகிக் கால்களையும் பிடுங்கிக்கொண்டு போகும். அடுத்த மரத்தின்மேலும் விழும். ஆதலின் குடில் எட்டடி உயரத்தை மிஞ்ச வேண்டாம். கால்கள் இரண்டடியேனும் மண்ணுள் இறங்க வேண்டும். செம்புறை நிலத்தில் இதற்குக் கடப்பாறையும் பொறுமையும் தேவை. வலையைக் கம்பியால் முறுக்கிவிடாமல், அவிழ்க்கத்தக்க முடிச்சிட்டுக் கயிற்றால் கட்டுக. வானொலியில் புயலறிவிப்புக் கேட்டவுடன் வலையை அவிழ்த்துச் சுருட்டி வீட்டினுள் வைத்துவிடலாம். நாற்றுகளை நிலத்தில் விதையாமல் குழித்தட்டுகளில் வளர்ப்பதும் அப்போதுதான் கைகொடுக்கும். 98 குழி கொண்ட தட்டு ஒன்றைச் சிறுவர்கூடத் தூக்கிவந்து திண்ணையில் வைத்துவிடலாம்.